கண் காணாத வியாபாரம்



ஒரு பொருளைக் கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல், விற்பவர் யாரென்றும் அறியாமல் நீங்கள் வாங்கியதுண்டா? "இல்லை" என்று இன்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. கைத்தொலைபேசி உள்ள வீடுகளுக்கெல்லாம் உடுப்பும் சப்பாத்தும் சமையற் பாத்திரமும் வாசல் தேடி வருகின்றன. ஒரு சேலை படத்தில் கண்ட நிறத்தில் இல்லாவிட்டால் மனம் கசக்கும், அதோடு போகும். ஆனால் ஒரு கார்? ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு? அதையும் இப்போது படம் பார்த்தே வாங்குகிறார்கள். வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும்படி கேட்கிறார்கள்.

அப்படி ஒரு பழைய காரை விற்றவன் நான். வாங்கியவர் ஊர்காவற்றுறைப் பக்கம் புளியங்கூடலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இப்படிப்பட்ட கட்டுரைகளை ஏமாந்தவர்கள் எழுதுவதுதான் வழக்கம். இதை எழுதுபவன் ஏமாற்ற இருந்தவன். அதனால் இதில் கொஞ்சம் பயன் இருக்கக்கூடும் என்று நம்புகிறேன்.

விளம்பரம்

நான் புத்தளத்தில் இருக்கிறேன். 2024ஆம் ஆண்டு எனது காரை விற்க வேண்டி வந்தது. 2011ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட மாருதி ஆல்டோ. மச்சானிடம் வாங்கிய கடனுக்குத் தவணை நெருங்கியிருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை எனக்கு நிறைய இருந்தது. அந்தக் கவலையிலேயே இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்கைப்பற்றி மறந்துபோனேன்.

அப்போது நாட்டின் நிலைமை உங்களுக்கு நினைவிருக்கும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் புது வாகனம் வராததால், உள்ளதையே ஒருவர் மாறி ஒருவர் வாங்கினோம். வாங்கிய விலையிலும் பார்க்கக் கூடிய விலைக்குப் பழைய கார்கள் போயின. இக்மன், ரியசெவன போன்ற இணைய விளம்பரத் தளங்களைப் பார்ப்பதே பலருக்கு அன்றாட வேலையாயிற்று. வடக்கில் இருப்பவர் தெற்கில் உள்ள வாகனத்தைத் தேடினார். தெற்கில் இருப்பவர் கிழக்கில் தேடினார்.

என் காரின் எஞ்சின் நல்லது. கியர் நல்லது. ஆனால் புத்தளம் உப்பளங்கள் உள்ள ஊர். உப்புக் காற்றும் உப்புச் சேறும் வாகனத்தின் அடியில் ஒட்டி, தகட்டு மடிப்புகளுக்குள் தங்கி, ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் மினுங்கும். கீழே கறள் தின்றுகொண்டிருக்கும். விற்பதற்கு ஒரு வருடத்துக்கு முன் கராஜில் உயர்த்திப் பார்த்தபோது, பின் இருக்கையில் இடப்பக்கம் இருப்பவர் கால் வைக்கும் இடத்தில் தகடு ஓட்டை விழுந்திருந்தது. முறையாகச் செய்வதென்றால் கறள் பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கையில் காசில்லாத நேரம். மெல்லிய தகடொன்றை ஒட்டி, அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு பூசி, மேலே கால்விரிப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

விளம்பரத்துக்குப் படம் எடுத்தவள் என் சின்ன மகள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, டயர், மீட்டர், இருக்கை என்று பதினொரு படம் எடுத்தாள். பிறகு கேட்டாள்:

"வாப்பா, அடிப்பக்கம் எடுக்கல்லையா?"

"அதை யாரு மகள் பார்க்கப் போறது?" என்றேன்.

அவள் போய்விட்டாள். அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் உண்மையும் அல்ல. அப்படியான பதில்களில்தான், வாசகர்களே, நம்மில் பலருடைய வியாபாரம் ஓடுகிறது.

புளியங்கூடலிலிருந்து ஒரு குரல்

மூன்றாம் நாள் இரவு அவர் கதைத்தார். ஆறுதலான குரல். மனைவிக்குச் சிறுநீரக நோய். வாரத்தில் இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்காக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தீவில் பஸ்ஸை நம்பி நோயாளியைக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு வாகனம் பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. கனடாவில் இருக்கும் மகன் பாதிப் பணம் அனுப்புகிறார். மீதி இவருடைய சேமிப்பு. சின்னக் கார், குறைந்த பெற்றோலில் ஓடக்கூடியது, போதும் என்றார்.

"தம்பி, நான் அங்க வந்து பாக்க ஏலாது. மனிசியைத் தனிய விட்டிட்டு வரமாட்டன். நீங்கள் இங்க கொண்டுவந்து தருவியளோ? பெற்றோல் காசு நான் தாறன்."

"கொண்டுவந்து தரலாம் மாஸ்டர்."

"வாகனத்தில ஏதும் பிழை இருக்கோ?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கேட்ட கேள்வி தெளிவானது. நான் சொன்ன பதில் இது: "பாவிச்ச வாகனம்தானே மாஸ்டர். சின்னச் சின்ன வேலை இருக்கும். எஞ்சின் தங்கம்."

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "நீங்கள் புத்தளம் எண்டு போட்டிருக்கிறியள். ஆனா உங்கட கதையில யாழ்ப்பாணம் இருக்குதே?"

"ஓம் மாஸ்டர். சொந்த இடம் சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு இங்கால வந்தனாங்கள்."

"அப்ப சரி," என்றார். "வேற நாலு வாகனம் பாத்தனான். உங்களிட்டயே எடுக்கிறன். அந்தக் காலத்தில சோனகத் தெரு ஆக்களிட்டத்தான் எங்கட தீவுக் கார்க்காரர் எல்லாம் சாமான் வாங்கினவை. சரியில்லாட்டித் திருப்பி எடுப்பினம். உங்கட சொல்லுப் போதும் தம்பி."

இருபத்தைந்து இலட்சம் ரூபா என்று பேசி முடித்தோம். தொலைபேசியை வைத்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மறுநாள் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் மவ்லவி ஒருவரிடம் கேட்டேன். கேள்வியையும் பொதுவாகத்தான் கேட்டேன். "ஹஜ்ரத், பொருளைப் பார்க்காமலே விலை பேசி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வியாபாரம் கூடுமா?" கறளைப்பற்றி மூச்சு விடவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், வாங்குபவர் காணாத ஒரு குறித்த பொருளை விற்பது செல்லாது என்பதே வலுவான சொல். ஹனஃபீ மத்ஹபில் அது செல்லும். ஆனால் பொருளைக் கண்ட பிறகு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. எந்த மத்ஹபானாலும், மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. ஆற்றில் நிற்கும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்கக் கூடாது என்று சட்ட அறிஞர்கள் சொல்வது, அவற்றை வாங்குபவரிடம் ஒப்படைக்க முடியாது என்பதால். அதோடு, வாங்குபவர் தான் எதை வாங்குகிறார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

"அதனால் தொலைபேசியிற் பேசியதை ஒரு வாக்குறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தை அங்கே கொண்டுபோய், அவர் பார்த்துத் திருப்தியான பிறகு 'விற்றேன்', 'வாங்கினேன்' என்று சொல்லுங்கள். அவர் கையில் ஒப்படைக்கும் வரை வழியில் என்ன நடந்தாலும் பொறுப்பு உங்களுடையது" என்றார்.

பிறகு நான் கேட்காத ஒன்றையும் சொன்னார். விற்ற பொருளை வேறோர் ஊரில் ஒப்படைப்பது புதிய விஷயமல்ல. ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது வழியிலேயே விலை பேசி வாங்கினார்கள். மதீனா போய்ச் சேரும் வரை அதில் தாம் ஏறி வருவதாக ஜாபிர் நிபந்தனை சொன்னார். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள். மதீனாவில் ஒட்டகத்தை ஒப்படைத்தபோது, பேசிய விலைக்கு மேலும் கொடுக்கச் செய்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒட்டகம் களைத்துப் பின்தங்கிய ஒட்டகம் என்பது விலை பேசும்போதே இருவருக்கும் தெரியும். மறைவு எதுவும் இல்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது.

சிறு வயதிலிருந்து இதை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்பேன்! கோதுமை விற்றவரைப்பற்றிய செய்தி என்றே எண்ணியிருந்தேன். அன்றிரவு வீட்டுக்கு வரும் வழியில், மேலே கால்விரிப்பும் கீழே தார்ப்பூச்சும் போட்ட என் காரும் ஒரு தானியக் குவியல்தான் என்பது விளங்கியது.

சரி, விளங்கியதும் தொலைபேசியை எடுத்து மாஸ்டரிடம் சொன்னேனா? இல்லை. "நேரிற் காட்டிச் சொன்னால்தானே முறை?" என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தேன். அவர் மறுத்துவிட்டால் மச்சானின் தவணை தவறிவிடும். நல்லதைப் பிறகு செய்வோம் என்று மனிதனைத் தள்ளிப்போட வைப்பதுதான் ஷைத்தானுக்கு மிகவும் இலேசான வேலை.

வாப்பாவின் சோக்கட்டி

ஸுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. நண்பகலில் யாழ்ப்பாணம். சோனகத் தெருப் பக்கம் பள்ளியில் லுஹரைத் தொழுதேன்.

அந்த இடத்துக்குப் போனால் வாப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. வாப்பாவுக்குப் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் சின்னக் கடை இருந்தது. மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்களின் சாமான்கள் கூரை வரை குவிந்திருக்கும். யாராவது ஒரு பாகத்தைக் கேட்டால், வாப்பா அதைத் துடைத்து, வெளிச்சத்திற் பிடித்து, தேய்வோ வெடிப்போ இருந்தால் அந்த இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டுவிட்டுத்தான் மேசையில் வைப்பார். விலை பேசுவது அதற்குப் பிறகு. "ஏன் வாப்பா நாமே காட்டிக் கொடுக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "சொல்லி வித்தா ஓட்டைக்கு மட்டும்தான் காசு குறையும் மகன். ஒளிச்சு வித்தா முழுக் காசும் ஹராமாப் போகும்" என்றார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவினால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. வாப்பா கடையைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். புத்தளத்தில் அந்தத் திறப்பு எத்தனையோ வருடம் ஆணியில் தொங்கியது. கடையும் சாமானும் போனது போனதுதான்.

எல்லாம் போய்விட்டது என்றுதான் நாங்கள் இத்தனை வருடமும் சொல்லி வந்தோம். ஆனால் போகாத ஒன்று இருந்திருக்கிறது. முப்பத்துநான்கு வருடத்துக்குப் பிறகு, தீவில் இருக்கும் ஒரு மனிதர், முகம் தெரியாத என்னை, என் பேச்சில் இருந்த ஊரை வைத்து நம்பினார். வாப்பாவும் அவரைப் போன்ற வியாபாரிகளும் சோக்கட்டியால் வட்டமிட்டுச் சேர்த்து வைத்த சொத்து அது. அதை யாராலும் பறிக்க முடியவில்லை. நானோ அதை ஒரு கால்விரிப்பின் கீழ் வைத்து விற்கப் பார்த்தேன்.

பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இருபக்கமும் கடல். காற்றில் உப்புத் தூவானம் கண்ணாடியில் பட்டது. இந்தக் காற்றில் அந்த மெல்லிய தகடு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தேன். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் கழிந்தன. பனைகளும் பூவரச வேலிகளும், அவற்றுக்கிடையே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளும். புளியங்கூடல் வந்தபோது அஸருக்கு நேரமாகிவிட்டது.

"அம்மா, கொஞ்சம் இறங்குங்கோ"

படலையடியில் மாஸ்டர் நின்றார். காருக்கென்று புதுக் கிடுகு வேய்ந்த கொட்டில் தயாராக இருந்தது. சில்லுக்கு வைக்க எலுமிச்சம்பழம்கூட எடுத்து வைத்திருந்தார்கள். நான் கையை நீட்டுவதற்குள் அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செம்பில் தண்ணீர் வந்தது. குடிதண்ணீர் பவுசரில் வரும் தீவு அது. அந்தச் செம்பின் பெறுமதி எனக்குத் தெரியும்.

அவருடைய மனைவி மெதுவாக நடந்து வந்தார். மெலிந்த உடம்பு. "ஒருக்கா ஏறிப் பாக்கட்டே?" என்று கேட்டார். மாஸ்டர் பின்கதவைத் திறந்தார். அந்த அம்மா இடப்பக்கம் ஏறி, இரண்டு காலையும் அந்தக் கால்விரிப்பின் மேல் வைத்தார்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, கொஞ்சம் இறங்குங்கோ" என்றேன்.

அவர் இறங்கியதும் கால்விரிப்பைத் தூக்கினேன். காரிலிருந்த திருப்புளியை எடுத்து, ஒட்டிய தகட்டின் ஓரத்தில் தட்டினேன். தார் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இரண்டாம் தட்டுக்குத் திருப்புளி உள்ளே போயிற்று. அந்த ஓட்டையால் புளியங்கூடல் மணல் தெரிந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். என்னை அதுவரை "நீங்கள்" என்று அழைத்தவர், "நீர்" என்றார்.

"அண்டைக்கு நான் கேட்டனான் எல்லே, பிழை இருக்கோ எண்டு?"

"கேட்டீங்கள் மாஸ்டர்."

"நீர் சொல்லேல்லை."

"ஓம். சொல்லேல்லை."

அஸர் நேரத்துக் காற்று மட்டும் கிடுகைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "மாஸ்டர், மூண்டு வழி இருக்கு. வேண்டாமெண்டால் இப்பவே திருப்பிக் கொண்டுபோறன். வந்த பெற்றோல் என்ர செலவு. இல்லாட்டி உங்களுக்குத் தெரிஞ்ச கராஜில காட்டுங்கோ. செலவை நான் தாறன். இல்லாட்டி விலையில கழியுங்கோ."

மார்க்கம் சொன்னபடி உரிமையை அவர் கையில் கொடுத்துவிட்டேன் என்று என் மனம் சற்று இலேசாயிற்று. அப்போதுதான் அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "வியாழக்கிழமை நான் போகோணுமே."

வாசகர்களே, அந்த ஒரு சொல்லில் என் நியாயமெல்லாம் சரிந்தது. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் வசதியை நான் எடுத்துவிட்டேன். அவர்கள் பார்த்து வைத்திருந்த மற்ற வாகனங்களை விட்டுவிட்டார்கள். மகனிடம் பணம் வாங்கிவிட்டார்கள். கொட்டிலும் வேய்ந்துவிட்டார்கள். இந்த உண்மையைத் தொலைபேசியில் அன்றே சொல்லியிருந்தால் அவர் சுதந்திரமாக முடிவு செய்திருப்பார். வாசலில் வைத்துச் சொன்ன உண்மை, பொய்யை விட நல்லதுதான். ஆனால் நேரத்துக்குச் சொன்ன உண்மைக்கு அது ஈடாகாது.

மறுநாட் காலை வேலணையில் ஒரு கராஜில் காரை உயர்த்தினோம். மற்றப் பகுதிகள் உறுதியாக இருந்தன. தரைத் தகடு முழுவதையும் வெட்டிப் புதிதாக வைக்க ஒரு செலவு சொன்னார்கள். அதற்கும் மேலாகச் சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபா கழித்தேன். மாஸ்டர் ஒரு இலட்சம் போதும் என்றார், நான் சம்மதிக்கவில்லை. வாங்குபவர் கூடக் கொடுக்கவும் விற்பவர் குறைத்து வாங்கவும் வாதாடினோம்.

அப்போது எனக்கு ஜரீர் (ரலி) அவர்களின் செய்தி ஞாபகம் வந்தது. இமாம் நவவி அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் அதை எடுத்துச் சொல்கிறார்கள். ஜரீரின் பணியாள் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையை வாங்கி வந்தார். ஜரீர் குதிரையைப் பார்த்துவிட்டு, இதன் பெறுமதி இன்னும் அதிகம் என்று விற்றவரிடம் தாமே சொல்லி, நூறு நூறாகக் கூட்டி எண்ணூறு கொடுத்தார். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் தாம் உறுதிமொழி கொடுத்திருந்ததே அதற்கு அவர் சொன்ன காரணம். வாங்குபவரே இப்படி என்றால், விற்பவர் எப்படி இருக்க வேண்டும்?

பத்திரங்களில் கையெழுத்து வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சி. பணம் வங்கிக்கு வந்தது. மாஸ்டரே என்னை யாழ்ப்பாணம் வரை ஏற்றிச் சென்று கொழும்பு பஸ்ஸில் விட்டார். வழியில் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னார்: "தகட்டை ஒட்டலாம் தம்பி. அது பெரிய விஷயமில்லை." மற்றதை அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

மச்சானின் தவணை பத்து நாள் பிந்தியது. கேட்டபோது காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வாப்பாட மகன்தானே" என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

பட்டதிலிருந்து நான் படித்துக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

1. விற்பவரானால், குறையைத்தான் முதலிற் படம் எடுங்கள். அடிப்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, டிக்கியின் உள்தளம், கால்விரிப்பின் கீழ். வாங்குபவர் இன்னும் பயணச் செலவோ முற்பணமோ செய்யாத நேரத்திலேயே அவற்றை அனுப்புங்கள்.

2. வாங்குபவரானால், "பிழை இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுக் கேள்விக்குப் பொதுப் பதில்தான் வரும். "அடியில் கறள் உண்டா? எங்கே வெல்டிங் செய்தீர்கள்? எங்காவது மோதியதா? மீட்டர் மாற்றப்பட்டதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

3. கடலோர ஊரிலிருந்து வரும் வாகனமானால், தெரிந்த மெக்கானிக்கை வைத்து உயர்த்திப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

4. பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரித்தாளராக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றையும் திகதியோடு பாருங்கள்.

5. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றாமல் ஓடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாளை ஒரு விபத்து நடந்தால் இருவருக்கும் தொல்லை.

6. காணாத வாகனத்துக்கு முற்பணம் அனுப்பாதீர்கள். "பார்த்த பின் வேண்டாம் என்றால் திருப்பிக் கொண்டுபோகும் செலவு யாருடையது?" என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதவும் சாட்சி வைக்கவும் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. விபரம் சொல்லி விற்ற பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நோயாளி மனைவியை வீட்டில் வைத்துக்கொண்டு, புளியங்கூடலில் இருக்கும் ஒருவர் எந்த நீதிமன்றத்துக்கு அலைவார்? கண் காணாத வியாபாரத்தில் வாங்குபவருக்குக் கண் இல்லை. விற்பவர்தான் அவருக்குக் கண். அந்தக் கண் பொய் சொன்னால் அவர் எங்கே போவார்?

அடுத்த நோன்புப் பெருநாள் அன்று தொலைபேசி அடித்தது. மாஸ்டர். பெருநாள் வாழ்த்துச் சொன்னார். தகடு மாற்றியாயிற்று, கார் நன்றாக ஓடுகிறது, மனைவி கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார் என்றார். பிறகு, சரவணையில் இருக்கும் தன் உறவினர் ஒருவர் சிலாபத்தில் ஒரு வானைப் படத்திற் பார்த்திருக்கிறாராம்.

"நீர் ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லும் தம்பி. நீர் சொன்னா அவர் எடுப்பார்."

அன்றைக்கே போனேன். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முதலில் வானுக்கு அடியில்தான் கைத்தொலைபேசியை நீட்டினாள். கறள் பிடித்திருந்த இரண்டு இடத்தைச் சுற்றி நான் சோக்கட்டியால் வட்டமிட்டேன். அதையும் படம் எடுத்து அனுப்பினோம்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தைத் தருவாயாக. நாங்கள் மறைப்பதை நீ காண்கிறாய் என்ற அச்சத்தை, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்திலேயே எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.